தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும் தெரிந்தால் எங்கே தேடுவது?

கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர், 1978-இல் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோவும் மூன்று பதக்கங்களும் இருக்கின்றன. பர்மாவுக்குப் போனார் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்கிறார் சித்தப்பா. லண்டனிலிருந்து முழு ரெக்கார்டையும் எடுத்துத் தருவதாக ஒருவர் ரூ.15,000 கேட்கிறாராம். கொடுக்கலாமா, இல்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

பணம் கொடுக்காதீர்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அன்றைய இந்திய ராணுவத்தின் அதிகாரிகளைப் பற்றி நிறைய உண்டு. சாதாரணச் சிப்பாயின் சேவைக் காகிதம் அங்கே போகவில்லை. அது அந்தந்த ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீசில் இருந்தது. 1947-இல் ராணுவம் பிரிந்தபோது நம் பக்கம் வந்த ரெஜிமென்டுகளின் ஆவணங்கள் இந்தியாவிலேயே தங்கிவிட்டன. உங்கள் தாத்தாவின் காகிதம் மிஞ்சியிருந்தால் அது வெலிங்டனிலோ, பெங்களூரிலோ, செகந்திராபாத்திலோ, அதுபோன்ற இன்னொரு ராணுவ ஊரிலோதான் இருக்கும். கேட்பதற்கு ஆகும் செலவு தபால் செலவுதான்.

ஆனால் எந்த ஆபீசைக் கேட்பது என்று தெரிய இரண்டு விஷயம் கையில் வேண்டும்: அவருடைய ராணுவ எண், அவர் இருந்த பிரிவு. வெறும் பெயரை வைத்து எழுதினால் பயன் இல்லை. 1939-இல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945-இல் 25 லட்சம் பேராக வளர்ந்திருந்தது. அதில் எத்தனை கருப்பையாக்கள், எத்தனை மாயாண்டிகள் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணும் பிரிவும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். அதனால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்னால் பீரோவையும் பரணையும் திறந்து பாருங்கள்.

பதக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று: புளியாலோ பாலிஷாலோ தேய்க்காதீர்கள். அந்தப் போரில் பிரிட்டன்காரர்களுக்குத் தரப்பட்ட நட்சத்திர வடிவப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த பதக்கங்கள் பலவற்றில் எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். வட்டப் பதக்கம் என்றால் விளிம்பைப் பாருங்கள், நட்சத்திரம் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து மிகச் சிறியது, தேய்ந்தும் போயிருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்த்தால் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்து பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். ஒரு குடும்பம் பல வருடம் தேடிய விவரம் அவர்கள் வீட்டு அலமாரியிலேயே பதக்க விளிம்பில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் பொறிக்காத பதக்கமும் பேசும். ஆறு முனை நட்சத்திரத்தில் 'பர்மா' என்று இருந்தால் அது பர்மா ஸ்டார். ரிப்பன் மிச்சமிருந்தால் நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையான காலத்துக்கு இது தரப்பட்டது. குறிப்பிட்ட தேதிகளில் வங்காளத்திலும் அசாமிலும் வேலை பார்த்தவர்களுக்கும் கிடைத்தது. எனவே பர்மா ஸ்டார் இருப்பதால் மட்டும் அவர் பர்மா எல்லையைத் தாண்டினார் என்று முடிவு கட்ட முடியாது. ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இருந்தால் கதையே வேறு திசையில் போகும். இந்திய வரைபடம் பொறித்த வட்டப் பதக்கம் இந்தியா சர்வீஸ் மெடல். மூன்று ஆண்டுகள் உள்நாட்டில் பணி செய்ததற்கானது. அசோகச் சக்கரம் உள்ள 1947 சுதந்திரப் பதக்கம் ஒன்று இருந்தால் நல்லது. 1947 ஆகஸ்ட் 15 அன்றும் அவர் பணியில் இருந்தார் என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் அவருடைய காகிதம் பிழைத்திருக்கவும் வாய்ப்பு கூடுதல்.

அடுத்து போட்டோ. சட்டத்திலிருந்து கவனமாக வெளியே எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம். பெங்களூர், பூனா, பஸ்ரா, கெய்ரோ என்று ஊர் இருந்தால் அதுவே பெரிய துப்பு. முன்பக்கத்தில் தொப்பியையும் தோள்பட்டையையும் பெரிதாக்கிப் பாருங்கள். தோளில் உலோகத்தில் இருக்கும் சிறிய எழுத்துகள் பிரிவின் பெயர்ச் சுருக்கம். கைச்சட்டையின் மேல்பகுதியில் துணியில் தைத்த சின்னம் இருந்தால் அது டிவிஷனின், அதாவது பல யூனிட்டுகள் சேர்ந்த பெரிய படையின், அடையாளம்: சிவப்புக் கழுகு என்றால் 4-வது இந்திய டிவிஷன், கருப்பில் சிவப்பு வட்டம் என்றால் 5-வது, கருப்புப் பூனை 17-வது, குத்துவாள் பிடித்த கை 19-வது. கழுகு டிவிஷன் ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது, பூனையும் குத்துவாளும் பர்மாக்காரர்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, வடிவத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். உருளையான, முன்விளிம்பு இல்லாத தொப்பியாக இருந்தால் மெட்ராஸ் சேப்பராக, அதாவது ராணுவத்தின் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவராக, இருக்கலாம்.

காகிதங்களில் முதலிடம் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டுக்கு. அதில் எல்லாமே இருக்கும். அது தொலைந்திருந்தால் பழைய கடிதங்களைப் பாருங்கள். போர்முனைக் கடிதத்தில் இடம் எழுத சென்சார் விடமாட்டார்கள், ஆனால் உறையின் மேல் ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் எண்ணோடு முத்திரை விழுந்திருக்கும். எந்த எண் எந்த மாதத்தில் எங்கே இயங்கியது என்று தபால்தலை சேகரிப்பாளர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு மாதாமாதம் அனுப்ப ஏற்பாடு இருந்தது. அந்த மணியார்டர் துண்டுகளை அப்பத்தாக்கள் பத்திரமாக வைத்திருப்பதுண்டு. நிலப் பத்திரங்களையும் புரட்டுங்கள். முன்னாள் படைவீரர் என்ற முறையில் நிலம் ஒப்படை ஆகியிருந்தால் அந்த உத்தரவில் அவருடைய எண்ணைக் குறித்திருக்க வாய்ப்பு உண்டு.

சித்தப்பா சொல்லும் மெட்ராஸ் ரெஜிமென்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போன எல்லோரையும் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு தென்னாட்டுக் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தது. 1928-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வடநாட்டார்தான் போர் வீரர்கள், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்ற அன்றைய கொள்கை அதற்குப் பின்னால் இருந்தது. இரண்டாம் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பின்னால்தான், 1941-இல், மெட்ராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள். அது அப்போது சிறிய படை. தமிழர்களில் பெரும்பகுதியினர் போனது வேறு பிரிவுகளுக்கு: பாலமும் ரோடும் போட்டு கண்ணிவெடி அகற்றிய மெட்ராஸ் சேப்பர்ஸ், லாரி ஓட்டி ரேஷன் கொண்டுபோன சர்வீஸ் கோர், சரக்கு இறக்கி விமானத் தளம் அமைத்த பயனியர் கோர், ஆயுதக் கிடங்கைப் பார்த்த ஆர்டினன்ஸ், ஆஸ்பத்திரி, தகவல் தொடர்பைப் பார்த்த சிக்னல்ஸ்.

துப்பாக்கி பிடித்துச் சண்டை போடாதவர் என்று தெரிந்ததும் சில குடும்பங்கள் முகம் வாடிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அசாமிலிருந்து பர்மாவுக்குள் மலைப்பாதையில் ரோடு போட்டு, மழைக்காலத்தில் மலேரியாவோடு அதைக் காத்தவர்கள் இல்லாமல் அந்தப் படை ஒரு அடி நகர்ந்திருக்காது. இந்தியர் ஒருவருக்கு நேரடியாக வழங்கப்பட்ட முதல் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீரப் பதக்கம் எந்தக் காலாட்படைக்கும் போகவில்லை, மெட்ராஸ் சேப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியனுக்குத்தான் போனது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிதிபட்ட கண்ணிவெடி மீது தானே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். உங்கள் தாத்தா பயனியர் என்று பதில் வந்தால் அதைப் பெருமையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிவு தெரிந்த பின் எங்கே எழுதுவது? மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் சேப்பர்ஸ் இன்றைக்கு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், பெங்களூர். பயனியர் கோரும் பெங்களூர்தான். சர்வீஸ் கோருக்கு பெங்களூரில் உள்ள தெற்கு ரெக்கார்ட்ஸ். ஆர்டினன்ஸும், வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்த்த ஈ.எம்.ஈ.யும் செகந்திராபாத், மருத்துவப் பிரிவு லக்னோ, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு. கடிதத்தை அந்த ரெக்கார்ட்ஸ் பொறுப்பு அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம், சேர்ந்ததாக நினைக்கும் வருடம், விலகிய வருடம். நீங்கள் பேரன் என்பதற்குச் சான்றின் நகல். பதக்கத்தின் படம். கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம், பணியாற்றிய யூனிட்டுகள், வழங்கப்பட்ட பதக்கங்கள். முழு வரலாறும் வேண்டும் என்று கேட்டால் யாரும் உட்கார்ந்து எழுதித் தரமாட்டார்கள்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மனம் விட்டுப்போகிறார்கள். 'ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன' என்று பதில் வரும். அது உண்மையாகவே இருக்கும். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கலாம் என்பது ராணுவ விதி. போருக்காகச் சேர்க்கப்பட்டு 1946, 1947-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு பென்ஷன் கிடையாது. சிப்பாய்க்கு அதற்கு 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஆனால் லாங் ரோல் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி: பெயர், ஊர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய விதம். ஷீட் ரோல் எனப்படும் தனிக்கோப்பு அழிந்தாலும் இந்தப் பதிவேட்டை அழிப்பதில்லை. எனவே அந்தப் பதில் வந்ததும், 'ஷீட் ரோல் இல்லை என்பது புரிகிறது, லாங் ரோலில் உள்ள பதிவின் நகலைத் தாருங்கள்' என்று மறுபடி எழுதுங்கள். முதல் கடிதத்திலேயே இந்த வரியைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் ராணுவத்துக்கு நேரடியாக மனு போடலாம், கட்டணம் ரூ.10, பதிலுக்குக் கெடு 30 நாள். தனிநபர் விவரம், தரமுடியாது என்று பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டி மறுப்பதுண்டு. உங்கள் கையில் பிரிவு 8(3) இருக்கிறது: 20 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பற்றிய தகவலை, பாதுகாப்பு முதலிய சில விதிவிலக்குகள் தவிர, தர வேண்டும் என்கிறது அது. முதல் மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். ரெக்கார்ட் ஆபீசில் இருப்பவர்களும் பட்டாளத்துக்காரர்கள்தான். தாத்தாவின் நினைவுக்காகக் கேட்கிறோம், பணப்பலன் எதுவும் கோரவில்லை என்று ஒரு வரி எழுதினால் அவர்கள் உதவுவது எளிதாகிறது.

மதுரையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி கொடுத்துவந்தது. உங்கள் அப்பத்தா அப்படி ஏதாவது வாங்கினாரா என்று அத்தை, சித்தப்பா எல்லோரிடமும் கேளுங்கள். 'பட்டாளத்துப் பணம்' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். வாங்கியிருந்தால் அதற்கு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் கொடுத்திருப்பார்கள், அந்தக் கோப்பு அலுவலகத்தில் இருக்கலாம். நேரில் போங்கள், அப்பத்தாவின் பெயரையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். தேனி, திண்டுக்கல் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் இது பொருந்தும். 1985 வரை திண்டுக்கலும், 1996 வரை தேனிப் பக்கமும் மதுரை மாவட்டம்தான், பழைய கோப்பு மதுரையில் தங்கியிருக்கலாம்.

அந்த ஊர்க் கணக்கு எல்லாத் தேடலுக்கும் முக்கியம். அன்றைய ஆவணத்தில் மதுரை என்று இருக்காது, 'மதுரா' என்று இருக்கும். உசிலம்பட்டி அன்று திருமங்கலம் தாலுகாவில் இருந்தது, அதனால் திருமங்கலம் என்று மட்டும் எழுதியிருக்கலாம். அருப்புக்கோட்டை, விருதுநகர்க்காரர் என்றால் 'ராம்நாட்'. பெயரையும் ஆள் சேர்க்கும் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வெள்ளைச்சாமியை நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம், நான்கையும் தேடுங்கள். சிலர் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார்கள், சிலர் வீட்டுக்குத் தெரியாமல் வேறு பெயரில் சேர்ந்தார்கள். பிறந்த வருடம் ஒத்துவரவில்லை என்பதற்காக ஒரு பதிவை ஒதுக்கிவிடாதீர்கள். தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போனால் ஆள் அவர்தான்.

இணையத்தில் தேடுபவர்கள் முதலில் போவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்துக்கு. அதில் இருப்பவர்கள் இறந்தவர்கள் மட்டும். உங்கள் தாத்தா திரும்பி வந்து 1978 வரை வாழ்ந்தவர், அவர் பெயர் அங்கே இருக்காது. ஆனாலும் அந்தத் தளத்தை இன்னொரு வழியில் பயன்படுத்தலாம். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பெயர் கொடுப்பது அன்றைய வழக்கம், பெரும்பாலும் ஒரே பிரிவுக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். இறந்தவர் பதிவில் தகப்பனார் பெயர், ஊர், 'மதுரா' என்ற குறிப்பு எல்லாம் இருப்பதுண்டு. உங்கள் ஊரையோ பக்கத்து ஊரையோ சேர்ந்த ஒருவர் அதில் கிடைத்தால் அவருடைய பிரிவைக் குறித்துக்கொண்டு அந்தப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். போரிலிருந்து திரும்பாதவரைத் தேடும் குடும்பம் என்றால் இந்தத் தளம்தான் முதல் இடம். பர்மாவில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே டவுக்கியான் நினைவிடத்தில் சுமார் 27,000 இருக்கின்றன. மலாயா, சிங்கப்பூரில் காணாமல் போனவர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவின் பல இடங்களில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன படையினர் பலரின் பெயர்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளன.

இன்னொரு சாத்தியத்தையும் மனதில் வையுங்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் பக்கத்துத் தமிழர்களும் நிறையப் பேர் நேதாஜியின் படைக்குப் போனார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவர்களை வெள்ளை, சாம்பல், கருப்பு என்று தரம் பிரித்து, கருப்பு என்றவர்களைச் சலுகை எதுவும் இல்லாமல் வெளியேற்றினார்கள். எனவே சில வீடுகளில் அந்த வருடங்களைப் பற்றி யாரும் பேசாமலே இருந்துவிட்டார்கள். பதக்கம் இருப்பதால் உங்கள் தாத்தா விஷயத்தில் இதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் தேடலில் சிங்கப்பூர் என்று வந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகளைப் பாருங்கள். தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் கலெக்டர் ஆபீசிலும் கோப்பு இருக்கும். சயாம் மரண ரயில் கதை உங்கள் வீட்டில் இருந்தால் அது தனித்தேடல். மலாயாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் கூலித் தொழிலாளர்கள், ராணுவப் பதிவேட்டில் வரமாட்டார்கள்.

லாங் ரோல் பதிவு கிடைத்து, அவர் இருந்த கம்பெனியின் எண்ணும் தெரிந்துவிட்டால், அப்போது லண்டன் உதவும். அங்கே கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு யூனிட்டும் தினமும் எழுதிய போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியப் படைகளுடையது டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசை. சிப்பாய் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். எந்தத் தேதியில் மணிப்பூர் ரோடு ஸ்டேஷனில் இறங்கினார்கள், எந்த ஆற்றில் பாலம் கட்டினார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள் என்பதெல்லாம் நாள்வாரியாக இருக்கும். அவர் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் அதன்மேல் வைத்துப் பார்த்தால் அவர் எங்கே இருந்தார் என்பது மாத வாரியாகத் தெரியும். குறிப்பிட்ட அந்தக் கோப்பின் எண்ணைக் கொடுத்து, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப ஒருவருக்குக் கூலி கொடுப்பது நியாயமான செலவு. யூனிட் எண் கையில் வருவதற்கு முன் அந்தச் செலவைச் செய்யாதீர்கள்.